மாப்பிள்ளை வந்திறங்கும் கார்

என் மகளின் தாய்மாமன் என்னைத் தேடி ஒலுவில் துறைமுகத்துக்கு வந்தபோது நான் ஒரு வள்ளத்தின் எஞ்சினுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு கிடந்தேன். அவன் சலாம் சொல்லிவிட்டு, கையிலிருந்த ஷொப்பிங் பையை மீன் பெட்டி ஒன்றின் மேல் வைத்தான். உள்ளே பழைய துணியில் சுற்றியபடி ஒரு டிஸ்ரிபியூட்டர் இருந்தது. பழைய பெற்றோல் கார்களில் நாலு பிளக்குக்கும் முறைவைத்து நெருப்பைப் பங்கு போட்டுக் கொடுக்கும் சாமான் அது. மூடியின் விளிம்பில் நான் முன்னொரு காலம் ஒட்டிய ஒட்டு அப்படியே இருந்தது. எந்தக் காருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"மகளுக்குக் காவின் வெச்சிரிக்கி மச்சான்," என்றான். "உங்களுக்கு ஆரும் செல்லல்லியா?"

மகளுக்கு நிக்காஹ் என்று யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை நிந்தவூர் ஆள் என்றான். நல்ல குடும்பம், தொழில் இருக்கிறது, பொடியன் தொழுகை விடாதவன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். கல்முனைக்குடியிலிருந்த அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லோரும் என் மாமனாருடைய வெள்ளை மொரிஸ் மைனரில்தான் வந்திறங்கினார்கள். நானும் அதில்தான் போனேன். வாசலில் என் காலைக் கழுவி மோதிரம் வாங்கிக்கொண்டவன் இந்த மச்சான்தான். அப்போது அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. அந்த வீட்டை விட்டு வந்தபோது ஒரு பையோடு பஸ்ஸில் வந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கராஜில் பழைய கார் வேலை பழகினேன். ஓரிடத்தில் கால் தரிக்காது. புத்தளம், குருநாகல், பிறகு கட்டார், மறுபடி கொழும்பு. பிள்ளை பிறந்தபோது நான் ஊரில் இல்லை. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோதும் இல்லை. பெண்சாதி பொறுத்துப் பார்த்துவிட்டு காழியாரிடம் போய் விவாகப் பிரிவினை எடுத்தாள். இத்தாக் காத்திருப்பு முடிந்து, காலம் கழித்து, பஸ் ஓட்டுகிற ஒரு மனிதரைக் கலியாணம் முடித்தாள். மகள் அவரை சாச்சா என்று கூப்பிடுவாள். அவர் நல்லவர். சந்தையில் கண்டால் எனக்கு முதலில் சலாம் சொல்வார்.

கார் வீட்டு வாசலில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ரோட்டில் இறக்கினால் சாய்ந்தமருது தாண்டுவதற்குள் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது என்றான் மச்சான். பெற்றோல் பம்ப் மாற்றியாயிற்று, கார்பரேட்டர் கழுவியாயிற்று. மாப்பிள்ளையோடு நடு ரோட்டில் நின்றால் நிந்தவூரார் காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள் என்றான்.

"நீங்க அவ்வளவு தூரம் வந்து கஷ்டப்படத் தேவல்ல எண்டுதான் நானே கழட்டிக்கொண்டு வந்தன்."

அந்த வீட்டு வாசலுக்கு நான் வர வேண்டாம் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறான். எனக்கு அது விளங்கியது.

எந்த ஆணியைக் கழற்றினாய் என்று கேட்டேன். அவன் விரலால் காட்டிய இடம் பிழையான இடம். எஞ்சினோடு தகட்டைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றியிருந்தால் டிஸ்ரிபியூட்டர் வந்த கோணத்திலேயே திரும்பிப் போய் உட்கார்ந்திருக்கும். இவன் கழுத்தைப் பிடிக்கிற கிளாம்பைத் தளர்த்தி, அடையாளமும் வைக்காமல் உருவி எடுத்திருக்கிறான். எந்த நேரத்தில் நெருப்பு விழ வேண்டும் என்ற கணக்கு அதோடு போய்விட்டது. இனி அதைக் காரில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

"வேற ஆரும் பிடிக்க ஏலாதா?"

கல்முனையில் அது தெரிந்த மெக்கானிக் பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள். "ஏலும்," என்றேன். "செய்தவனே பிடிச்சா நல்லம்."

அவன் ஷொப்பிங் பையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டான். ராத்தாவிடம், மகளின் உம்மாவிடம், கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

துறைமுகத்துக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் அதைப் பிரித்தேன். நடுத்தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடியது. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. கல்முனையில் லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பித்தளையில் புதிதாகக் கடைந்து எடுத்தேன். ஆனால் காரை நிறுத்தியது அது அல்ல. எஞ்சின் காற்று இழுக்கும் அளவுக்கு ஏற்றபடி உள்ளே ஒரு தகடு முன்னும் பின்னும் திரும்பும். அதோடு சேர்ந்து அசைகிற சின்ன வயர் ஒன்று இருக்கிறது. மேலே உறை நன்றாக இருந்தது. பற்றரியும் பல்பும் கொடுத்துவிட்டு, தகட்டை விரலால் திருப்பிப் பார்த்தேன். ஓரிடம் வந்ததும் பல்பு அணைந்தது. உறைக்குள்ளே செம்பு இழைகள் அறுந்து போயிருந்தன. நிற்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், ஓடும்போது விலகிவிடும்.

வயரை மாற்றினேன். புதுப் பொயின்ட், புதுக் கொண்டென்சர் போட்டேன். பழைய தையல் மெஷின் மோட்டர் ஒன்றைப் பலகையில் பூட்டி, அதைச் சுற்றிப் பாகை குறித்து வைத்திருக்கிறேன். டிஸ்ரிபியூட்டரை அதில் மாட்டி ஓடவிட்டால் நாலு நெருப்பும் சம தூரத்தில் விழுகிறதா, வேகம் கூடும்போது முந்திக்கொண்டு வருகிறதா என்று பார்க்கலாம். விழுந்தது. வந்தது. வேலை முடிந்த பிறகும் மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்தச் சத்தத்துக்குள் நான் ஒன்றைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். காவினில் பெண்ணைக் கொடுப்பது வாப்பா. அவர் உயிரோடு இருக்கும்போது, அவர் வாயால் சம்மதம் சொல்லாமல் வேறொருவர் கொடுக்க முடியாது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகவில்லை, ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருக்கவில்லை. இந்த ஒன்றில் என்னை விட்டுவிட்டு நடக்காது என்று இருந்தேன். என் மகளை உமக்குக் காவின் செய்து தந்தேன் என்று மோட்டருக்கு மேலாகச் சத்தமாகச் சொன்னேன். குரல் பிசிறியது. திரும்பச் சொன்னேன்.

வரச் சொல்லி மச்சான் போன் எடுத்தான்.

கல்முனைக்குடி வீட்டு வளவின் ஓரத்தில் தகரக் கொட்டிலுக்குள் கார் நின்றது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மகளின் தாய் வெளியே வரவில்லை. அது சரி. மகள்தான் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைக் கொடுத்தேன். அவள் போகாமல் நின்றாள். நின்றவளிடம் டிஸ்ரிபியூட்டரோடு வயரில் கோத்த பல்பைக் கொடுத்து, இது பத்தினால் சொல்லு என்றேன். கைபிடி போட்டு எஞ்சினைச் சுற்றி முதலாம் சிலிண்டரை அதன் குறிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். இனி டிஸ்ரிபியூட்டரின் உடம்பை மெதுவாகத் திருப்ப வேண்டும். பொயின்ட் விலகும் அந்தத் தருணத்தில் பல்பு எரியும். அதுதான் இடம்.

நான் திருப்பத் தொடங்கியபோது அவள் சொன்னாள்.

"வாப்பா, காவின்ல உங்கட இடத்தில சாச்சாவ இருக்கச் செல்லட்டுமா?"

நான் நிமிரவில்லை.

"நீங்க ஓமெண்டாத்தான் ஏலுமாம். மௌலவி செல்றாரு."

"சாச்சா கேட்டவரா?"

"இல்ல. அவரு வேணாமெண்டுதான் செல்றாரு. வாப்பா இருக்காருதானே எண்டாரு." பல்பைப் பார்த்தபடியே சொன்னாள். "நான்தான் கேக்கன்."

காரணங்களையும் சொன்னாள். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஸ்ஸை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலோடு இருந்தது, டியூஷன் விடும்வரை வெயிலில் மோட்டார்சைக்கிளோடு நின்றது. எல்லாம் ஓதிப் பாடமாக்கியதுபோல ஒழுங்காக வந்தது. இதைச் சொல்ல அவளும் எங்கோ தனியாக நின்று பழகியிருக்கிறாள். அழவில்லை. என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஏதாவது ஒன்றுக்கு ஏசியிருந்தால் எனக்குத் திருப்பிக் கதைக்க ஒரு வழி கிடைத்திருக்கும்.

"பத்திட்டு," என்றாள்.

இடது கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு வலது கையால் கிளாம்பை இறுக்கினேன். அந்த வேலையை நடுவில் விட முடியாது.

"ஓம் மகள்," என்றேன். "அவரே இருக்கட்டும்."

அவள் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து மௌலவி சாச்சாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சாட்சிக்கு இரண்டு பேர். கொட்டிலுக்கு முன்னாலேயே வைத்து என்னிடம் கேட்டார். என் இடத்தில் நின்று என் மகளைக் காவின் செய்து கொடுக்க இவரை வக்கீலாக நியமித்தேன் என்று சொன்னேன். குரல் பிசிறவில்லை. அந்த மனிதர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குக் கை தர நீட்டினார். என் கையெல்லாம் கிரீஸ் என்று காட்டினேன். அதைப் பார்க்காமல் பிடித்தார்.

காவினன்று கார் நின்றுபோனால் யார் பார்ப்பது, நீங்களே ஓட்டுங்கள் என்று மச்சான் கேட்டான். நான் போனேன். நிந்தவூரில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு காரைதீவு, சாய்ந்தமருது என்று வந்தேன். எஞ்சின் ஓரிடத்திலும் இழுக்கவில்லை. பின் சீட்டில் அவனுடைய கூட்டாளிமார், சீதேவிக் கிழவி மாதிரிக் கார் மெல்லத்தான் போகுது என்று பகிடி விட்டார்கள். அவன் சிரிக்காமல் வியர்த்துக்கொண்டிருந்தான். நானும் அப்படித்தான் வந்திருப்பேன்.

வாசலில் இறங்கும்போது குனிந்து, "மாமா, நீங்க உள்ளுக்கு வரல்லியா?" என்றான்.

"காரப் பாத்துக்கொண்டு நிக்கன் மகன். நீங்க போங்க."

பந்தலில் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். மௌலவியின் குத்பா ரோடு வரை கேட்டது. பிறகு பஸ் ஓட்டும் அந்த மனிதரின் குரல் வந்தது. இன்னாருடைய மகளை என்று சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரைச் சொன்னார். சொன்னதும் குரல் நின்றுவிட்டது. யாரோ தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். பிறகு, அவர் எனக்குத் தந்த பொறுப்பைக்கொண்டு உமக்குக் காவின் செய்து தந்தேன் என்று முடித்தார். மாப்பிள்ளை பொருந்திக்கொண்டேன் என்றான். பெண்கள் பக்கம் குரவை கேட்டது.

சாப்பாட்டுக்கு சஹன் தட்டுகள் வைக்கத் தொடங்கியதும் மச்சான் என்னைக் கூப்பிட வந்தான். எஞ்சின் சூடு, ஆறட்டும், வாறன் என்றேன். அவன் பொனெட்டில் கையை வைத்துப் பார்த்தான். அது ஆறித்தான் இருந்தது. சுற்றிவந்து கதவைத் திறந்து என் பக்கத்துச் சீட்டில் ஏறி இருந்தான்.