சாத்திவைத்த கதவு

வெளியே சொல்லிவிட்ட தர்மம் செல்லாது என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. செய்ததை ஒருவரிடம் சொன்னால், அவர் வாயிலிருந்து வரும் பாராட்டே அதற்குரிய கூலியாகிவிடும், மேலே கடவுளிடம் நமக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்பார் நைனா, என் அப்பா. ராயபுரத்தில் துறைமுகத்து வேலையில் இருந்தவர்கள் நிறைந்த எங்கள் தெருவில் பெரும்பாலோர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். ஆனால் இந்த ஒரு காரியத்தில் எங்களைப் போல் கறாரான வீடு வேறில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பிலேயே கோளாறு இருந்தது என்பது விளங்க எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பூசையில் வாசிக்கப்படும் நற்செய்தி, நோன்பிருப்பதை முகத்தில் காட்டிக்கொள்ளாதே என்கிறது. அதை வாசித்து முடித்த சற்று நேரத்தில் சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பலைப் பூசுவார். இந்த முரண் எங்கள் கோயில் பங்கு மக்களில் வேறு யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. நைனாவை உறுத்தியது. கோயில் படி இறங்கும் முன்பே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிடுவார். அம்மாவும் நானும் அப்படியே செய்வோம். பிறகு அவர் நேராகத் தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போய், ஒரு தேநீர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் பார்க்க உட்காருவார்.

"இன்னா மாமு, நெத்தில வெச்ச விபூதி எங்க? அதுக்குள்ள டீயா? நீயெல்லாம் இன்னா வேதக்காரன்!" என்பார் அவருடன் துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர்.

"நாக்கு கேக்குது, இன்னா பண்ணச் சொல்ற?" என்பார் நைனா.

அந்தத் தேநீர் ஆறிய பிறகு பெஞ்சுக்கு அடியில் போய்ச் சேரும். அன்று மாலைக் கஞ்சி வரை அவர் வாயில் ஒன்றும் படாது. அது எங்களுக்கு மட்டுமே தெரியும். அந்தத் தெரிதலில் எனக்கு அளவில்லாத பெருமை இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கோயிலுக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார். எங்கள் கோயிலில் ஒவ்வொரு விசிறியிலும் கொடுத்தவர் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கும். என்ன பெயர் எழுதுவது என்று கேட்டு, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டுக்கே வந்தார். "பேரு வேணாம்" என்று நைனா அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்னால் எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த மீன்காரம்மா மேலே பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "பேரு இல்லாத காத்தாடின்னா அது உங்க நைனாதுதான். இந்தாண்ட நவுந்து உக்காரு, காத்து நல்லா வரும்." ஆண்கள் பக்கத்திலிருந்த நைனாவின் காதிலும் அது விழுந்தது. அவர் முகம் சுளித்தது. சுளிப்புக்கு அடியில் வேறொன்றும் தெரிந்தது. அன்று அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். ஒருநாள் தேர்வுப் பணிக்காக வழக்கத்துக்கு முந்திய வண்டியில் ஏறினேன். கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றபோது, அடுத்த பெட்டியிலிருந்து நைனா இறங்குவதைக் கண்டேன். கையில் எங்கள் வீட்டு இரண்டடுக்குக் கேரியர். காலைப் பூசை முடிந்து கடற்கரைப் பக்கம் சிநேகிதர்களோடு உட்கார்ந்திருப்பதாகத்தான் அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். சன்னல் கம்பிகளுக்கு ஊடே எங்கள் கண்கள் சந்தித்தன. வண்டி நகர்ந்துவிட்டது.

மாலையில் அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்.

"காலைல இன்னா பாத்தே?"

"உங்கள, கொருக்குப்பேட்டைல..."

"நீ ஒண்ணும் பாக்கல, பாப்பா. புரியுதா?"

"புரியுது நைனா."

யாருக்குச் சாப்பாடு என்று நான் கேட்கவில்லை. மூன்று வருடங்கள் கேட்கவில்லை. கேட்பது அவர் சேர்த்துவைப்பதில் கைவைப்பதாகும் என்று நம்பினேன்.

தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை விடியலில், சட்டைக்குள் கை நுழைக்கும்போது நைனா விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். புதனன்று கண் திறந்தார். அம்மா எனக்குச் சோறு கொண்டுவந்த கேரியர் கட்டிலோரத்தில் இருந்தது. அவர் இடக்கையை நீட்டி அதைத் தொட்டார். பிறகு தள்ளினார். என் பக்கமாக, வாசல் பக்கமாக.

"பெரியவருக்குப் பசிக்குதும்மா. வாய் இல்லாட்டியும் வவுறு கீதே" என்றாள் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி.

அம்மா நர்ஸிடம் அனுமதி கேட்டுக் கஞ்சி கரைத்து வந்தார். நைனா உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மறுபடி கேரியரைத் தள்ளினார். அப்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

அவர் சொல்வது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று எழுதினால் படிப்பவர் நம்பிவிடுவார். ஆனால் அது உண்மையாகாது. கொருக்குப்பேட்டையில் யாரோ சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. யாராக இருந்தாலும் அக்கம்பக்கம் இல்லாமலா போய்விடும் என்று எண்ணினேன். ஒரு வாரத்தில் பேச்சு வந்துவிடும், அவரே சொல்லட்டும் என்று எண்ணினேன். நான் போய்த் தெருத்தெருவாக விசாரித்தால் அவர் இத்தனை காலம் மறைத்தது ஊருக்குத் தெரிந்துபோகும், அதை என் கையால் செய்யக்கூடாது என்றும் எண்ணினேன். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். அடியில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் களைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த உடம்பு இன்னொரு சுமையை ஏற்க விரும்பவில்லை. புதன் போயிற்று. வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. ஒவ்வொரு நாளும் அவர் கேரியரைத் தள்ளினார். நான் அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அவர் தள்ளவில்லை. என்னைப் பார்த்தபடி அழுதார். இடக் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தைக் கடந்து, சரக்கு வண்டிகள் நிற்கும் இடத்துச் சுவரையொட்டிப் போகும் சந்துகளில் விசாரித்தேன். மூன்றாவது சந்தின் முனையில் இட்லி சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கும் முன்பே என் கையிலிருந்த கேரியரைத்தான் பார்த்தார்.

"அய்ய, இது கேரியர் பெரியவரோடதாச்சே. நீ யாரும்மா?"

"அவர் பொண்ணு."

"அவருக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன். அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நேத்து சாயங்காலம் தூக்கிகினு போய்ட்டாங்கம்மா. வாடை வந்துதான் கதவத் தொறந்தோம்."

துண்டுதுண்டாகத் தெரிந்துகொண்டேன். செத்துப்போனவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை நோயில் கண் இரண்டும் போய், ஒரு காலும் முழங்காலோடு போனவர். கேட்பாரில்லாதவர். தினமும் நைனா வந்து ஊசி போட்டு, உடம்பு துடைத்து, சோறு ஊட்டிவிட்டுப் போவார்.

"நீங்க யாரும் எட்டிப் பாக்கலையா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமையில்லை. இருந்தும் கேட்டேன்.

"இன்னாத்தம்மா பாக்கறது? கதவு சாத்திகீது. உங்க நைனா வந்தா கதவச் சாத்திக்குவாரு, போறப்பவும் சாத்திட்டுப் போவாரு. சாத்தியிருந்தா பெரியவரு வந்துட்டுப் பூட்டாருன்னு நாங்க நெனச்சுக்குவோம். முன்ன நான்தான் நாலு இட்லி வெச்சுகினு இருந்தேன். எதிர்வூட்டுக்காரி தண்ணி புடிச்சுத் தருவா. உங்க நைனா வந்தப்புறம், 'நீங்க செரமப்படாதீங்கம்மா, இனிமே நான் பாத்துக்கறேன், வெளிய மட்டும் சொல்லாதீங்க'ன்னாரு. பெரிய மனுசன் சொல்றாரேன்னு வுட்டுட்டோம்." சற்று நிறுத்தி, "எங்க மேலயும் தப்பு கீது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"கூப்பிட்டிருப்பாரே?"

"கூப்புட்டுத்தான் இருப்பான், பாவி. கூட்ஸு போற சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

இறந்தவரின் பெயரை அப்போதுதான் கேட்டேன்.

அறையைத் திறந்து காட்டினார். கொடியில் நைனாவின் துண்டு காய்ந்து கிடந்தது. தட்டை நைனா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். பாயின் தலைமாட்டில் ஒரு மண்பானை, அதன் தண்ணீரில் குளிர்ச்சிக்காக வைத்த ஊசி மருந்துச் சீசா. பாதிக்கு மேல் மருந்து இருந்தது. படுத்தபடியே கை நீட்டினால் எட்டும் தூரம்தான். கண் தெரியாதவருக்கு அளவு தெரிந்திருக்காது.

எங்கள் பங்கில் நோயாளிகளை முறைவைத்துப் பார்க்கும் சபை ஒன்று உண்டு. நைனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறேழு பேர் மாறி மாறிப் போயிருப்பார்கள். அவர் வராமல் போன திங்களுக்கு மறுநாளே முறைக்காரர் இன்னொருவர் அந்தக் கதவைத் தள்ளியிருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நின்றது.

"எனக்குத் தெரியும்டி" என்றார்.

"என்ன தெரியும்?"

"யாருக்கோ சோறு போவுதுன்னு. மூணு வருசமா ஒரு புடி அரிசி சேத்துப் போடறவ நான்தான? யாருக்குன்னு கேக்கல. கேட்டா அவருக்குக் கெடைக்க வேண்டியது கெட்டுப்பூடும்னு வுட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரில அவர் கேரியரத் தள்ளினப்போ?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அவரு வாயால சொல்லாதத நான் எப்பிடி சொல்றது?"

மூவருக்கும் தெரிந்திருந்த ஒன்றை மூவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்திருந்தோம். அம்மா அழவில்லை. முறத்திலிருந்த அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினார். அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

நைனா மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தார். பேச்சு திரும்பவில்லை. காலையில் கண் விழித்ததும் இடக்கை கேரியரைத் தேடும். அந்த மனிதர் இறந்த செய்தியை அவரிடம் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்கும் வரவில்லை. அதனால் அம்மா சோறு வைத்தார். நான் கேரியரை அவர் பார்க்கும்படி தூக்கிக்கொண்டு, பள்ளிக்குப் போகும் முன் வாசலைக் கடந்தேன். முதல் சில நாட்கள் ராயபுரம் ரயில் நிலையத்துப் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்ப வீட்டுக்கு வந்து காலிக் கேரியரைக் காட்டினேன். சோறு நாய்களுக்குப் போயிற்று. நெற்றிச் சாம்பலைத் துடைத்து வளர்ந்த நான், ஒருவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒரு நற்செயலை நடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து அவர் முகத்தின் உயிருள்ள பாதியில் இறுக்கம் தளரும். அதைக் காண எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் என்னை அச்சப்படுத்தியது.

இரண்டாவது வாரம் பெஞ்சிலிருந்து எழுந்து வண்டியேறி, கேரியரை இட்லிக்கார அம்மாளிடம் கொண்டுபோனேன். அதே சந்தில் படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியிடம் என்னைக் கூட்டிப்போனார். அந்தக் கிழவியின் பெயரைக் கேட்டேன். நான் வராத நாளில் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். கிழவி இரண்டு மாதத்தில் இறந்துபோனாள்.

மழைக்காலத்தில் நைனா இறந்தார். அடக்கப் பூசையில் சாமியார் அவருடைய மறைவான நன்மைகளைப் பற்றி நெகிழ்ந்து பேசினார். பெயரில்லாத விசிறியையும் குறிப்பிட்டார். முப்பதாம் நாள் முடிந்து எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் வீட்டில் நடந்தபோது, ஜெபம் முடிந்ததும் நான் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் கேரியரை வைத்ததையும் சொன்னேன். பிறகு மீன்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க நைனா மாதிரி மனுசன் இனிமே பொறந்துதான் வரணும்" என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள். கொருக்குப்பேட்டைக்காரரின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. நானே சொன்னேன். யாருக்கும் அது மனத்தில் நின்றிருக்காது.

அந்த விசிறி இன்னும் சுற்றுகிறது. நாங்கள் இப்போது அதன் காற்று வராத வேறு வரிசையில் உட்காருகிறோம். வீட்டில் இருப்பது அம்மாவும் நானும்தான்.