கல்லுக்குள் தெரிந்த காக்கைக்கால்

வைரத்தில் பட்டை பார்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரு மணி நேரம் பேசுவேன். அப்படி வாய் திறந்து பேசியதால்தான் எனக்கு நடக்கவிருந்த நிச்சயதார்த்தம் நின்றுபோனது. அதை நினைத்து நான் அழுததில்லை. ஆத்திரம்தான் வருகிறது, இத்தனை வருடம் கழித்தும்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு நகைக்கடையின் வைரப் பிரிவில் இருந்தேன். வீடு திண்டிவனத்தில். காலையில் பஸ், ராத்திரி பஸ், நடுவில் நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆறு வருடத்தில் என்னிடம் வந்த ஜனங்கள் கல்லைப் பற்றிக் கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை கேரட், உள்ளே புள்ளி இருக்கிறதா. பட்டை எப்படி என்று ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தால் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்திருப்பேன். நிறமும் சுத்தமும் மண்ணுக்கு அடியிலேயே முடிவாகிவிடுகிற விஷயம். பட்டை மட்டும்தான் மனிதன் தீட்டுவது. அவன் கை கோணினால் எவ்வளவு சுத்தமான கல்லும் கண்ணாடித் துண்டுதான்.

கடை விளக்கில் வைத்துப் பார்த்தால் உடைந்த சோடா பாட்டில்கூட மின்னும். அதனால் நான் கல்லை வாசல் பக்கம் நிழலுக்குக் கொண்டுபோவேன். மோதிரத்தில் பதிக்காத கல் என்றால் செய்தித்தாள்மேல் கவிழ்த்து வைப்பேன். கீழே இருக்கிற எழுத்தைப் படிக்க முடிந்தால் வெளிச்சம் அடி வழியாக ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்தக் கல் வேண்டாம். நேராகப் பார்க்கையில் நடுவில் வெளுத்த வளையம் தெரிந்தால் அது செத்த மீனின் கண். அதுவும் வேண்டாம். நல்ல பட்டை என்றால் உள்ளே போன வெளிச்சம் அத்தனையும் முகத்துக்கே திரும்பி வரும். கிட்டத்தில் வைத்து நேராகப் பார்த்தால் நடுவிலிருந்து எட்டுக் கறுப்புக் கோடுகள் அம்பு போல ஒரே அளவில் விரிந்திருக்கும். அப்படி ஒரு கல் கைக்கு வந்தால் அன்றைக்கு எனக்குப் பசிக்காது.

பெண் பார்க்க வந்தவர் விழுப்புரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். தனியாகப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். சமைக்கத் தெரியுமா, கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். வைரம் ஏன் மின்னுகிறது தெரியுமா என்று கேட்டார். வெளிச்சம் உள்ளே போனால் வெளியே தப்பிக்க முடியாமல் திரும்புகிறது, அதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர், போன வாரம்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தினேன் என்றார். நான் பட்டையைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கொடுத்த பஜ்ஜி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் வேலையை வேலையாகப் பார்க்கிற ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தம் என்றால் தாம்பூலத் தட்டு மாற்றுவதுதான். மோதிரம் போடுவது சினிமா பார்த்துப் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பழக்கம். பையனுக்குப் பெண் வீட்டார் போடும் மோதிரம் வைரமாக இருக்கட்டும் என்று அவர் அம்மா சொல்லியனுப்பினார். நானே எடுத்தேன். பதினைந்து நாள் தேடி, வந்த கல்லை எல்லாம் திருப்பியனுப்பி, எட்டு அம்பும் பிசகாத ஒரு சின்னக் கல்லைப் பிடித்தேன். கல்லின் அடிப்பக்கம் மூடாமல் மோதிரத்தில் பதிக்கச் சொன்னேன்.

வைரம் எல்லாருக்கும் சேராது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வோம் என்றார் அந்த அம்மா. இது ஊரில் உள்ள வழக்கம்தான். கடையிலும் அப்படிக் கேட்டு வாங்கிப் போவார்கள். வெற்றிலை பாக்கோடு மோதிரத்தை அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார்.

இரண்டாம் நாள் அவர்கள் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது. அந்த வருடம் மின்வெட்டும் குறைந்த அழுத்தமுமாக, மோட்டார் கருகாத கொல்லையே சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைமேல்தானே பழி. அந்த அம்மா பஞ்சாங்கம் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து மோதிரத்தைப் பார்த்திருக்கிறார். உள்ளே கறுப்புக் கோடுகள். வைரத்தில் காக்கைக்கால் என்கிற கறுப்புக் கீற்று இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது கிழம் முதல் குழந்தை வரை அறிந்த சங்கதி. உடனே போன் வந்தது.

அப்பாவும் நானும் போனோம். வேற கல் மாத்திக் குடுத்துட்டா போச்சு, நீ ஒண்ணும் பேசாத என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருப்பதாகத்தான் போனேன். மோதிரத்தை நாற்காலிமேல் வைத்திருந்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. அப்பா கைகளைப் பிசைந்துகொண்டு, ஒரு வாரத்தில் மாற்றிக் கொண்டுவருகிறோம் என்றார்.

அந்த அம்மா அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார்: "கல்ல மாத்திடலாம் சம்மந்தி. ஆனா இத்தினி கல்லு பாக்கற பொண்ணு கைக்கு இந்தக் கல்லுதானே வந்து சேந்துச்சு? கையில தோஷம் இருந்தாதான் தோஷக் கல்லு வரும்."

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆசிரியரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மோதிரத்தை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மா முன்னால் நீட்டினேன்.

"அத்தை, கல்ல அசைக்காதீங்க. உங்க தலைய மட்டும் பின்னாடி இழுத்துக்கினு பாருங்க. கறுப்பு போயிடும். அது கல்லுக்குள்ள இல்ல. கிட்ட குனிஞ்சு பாக்கறப்ப நம்ம தலை வெளிச்சத்த மறைக்குது. அந்த மறைப்பதான் கல்லு திருப்பிக் காட்டுது."

என் தலைதான் காக்கைக்காலா என்று கேட்டார். அதன்பிறகு கல்லைத் தொட மறுத்துவிட்டார். எனக்குப் பாடம் எடுக்கிற மருமகள் வேண்டாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஆசிரியரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தலையைப் பின்னால் இழுத்தார். மறுபடி கிட்டத்தில், மறுபடி பின்னால். பக்கவாட்டில் சாய்ந்தும் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. ஆய்வகத்தில் சோதனை சரியாக வந்த பையனின் சிரிப்பு. அதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அப்புறம் அவர் தன் அம்மாவைப் பார்த்தார். சிரிப்பு அணைந்தது.

"கறுப்பு இருக்குதும்மா," என்றார்.

வருடா வருடம் நாற்பது பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றி நடத்தி மதிப்பெண் போடுகிற மனிதர். வேறு கல் மாற்றிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடுமே என்று என்னிடம் தணிந்த குரலில், நல்லவரைப் போல வேறு சொன்னார். நான் அவர் அம்மாவிடம் திரும்பினேன்.

"இதுல குத்தம் இல்லன்னு உங்க பையனுக்கு இப்ப தெரியும். கேளுங்க."

அந்த அம்மா கேட்கவில்லை. பையன் தரையைப் பார்த்தார். அவர் கையிலிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு நான் படி இறங்கினேன். செருப்பு மாட்டும்போது, பின்னால் அப்பா மன்னிப்புக் கேட்பது காதில் விழுந்தது. எதற்கு மன்னிப்பு என்று திரும்பிப் போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது.

பஸ் விக்கிரவாண்டி தாண்டியது. அப்பா கையை நீட்டி, அதைக் காட்டு என்றார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். மல்லாட்டையைக் கையில் உருட்டியே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுகிற மனிதர், கல்லை அப்படித்தான் இரண்டு விரலில் பிடித்தார். பஸ் குலுங்கியது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தலையைச் சீட்டில் சாய்த்தார், மறுபடி குனிந்தார்.

"ஆமா. தலைய நவுத்துனா போயிடுது," என்றார்.

ஒரு நொடி, ஒரே நொடி, இனி யார் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று இருந்தது.

"தெரியுது. இருந்தாலும் நீ அங்க பேசியிருக்கக் கூடாது," என்று சொல்லி மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

வரன் தட்டிப்போன கதை திண்டிவனம் முழுக்கப் பரவியது. கைத்தோஷம் என்றும் சொன்னார்கள், வாய்த்தோஷம் என்றும் சொன்னார்கள். அந்த அம்மாமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் பார்க்கவே இல்லை, அவரிடம் என்ன சண்டை. பார்த்துவிட்டு, சரிதான் என்று தெரிந்துகொண்டு, என்னை விட்டுக்கொடுத்த இரண்டு ஆண்கள்மேல்தான் கோபம். ஒருவரை அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. இன்னொருவருக்குக் கடைசிவரை சோறு போட்டேன். கோபம் போகவில்லை.

அந்த மோதிரத்தை என் விரல் அளவுக்குச் சின்னதாக்கிப் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் கையில்தான் இருக்கிறது. சாப்பிட உட்காரும்போது குனிந்து பார்த்தால் எட்டுக் கோடுகளும் கறுப்பாகத் தெரிகின்றன. என் தலைதான் அது. நான் அதை நகர்த்துவதில்லை.