நெல்லுக்குள் வைத்த சைரன்

குந்தவையிடம் வாதாடி ஜெயித்தவர் அந்த ஊரில் இல்லை. நீடாமங்கலத்திலிருந்து தெற்கே பிரியும் சாலையில், வாய்க்காலை ஒட்டிய சின்ன ஊர். தண்ணீர் முறையோ, வரப்புத் தகராறோ, நடவுக் கூலியோ, அவள் கடைசி வார்த்தை சொன்ன பிறகுதான் கூட்டம் கலையும். தப்பான பக்கம் நின்றாலும் ஜெயித்துவிடுவாள். ஜெயித்த பிறகு அந்தத் தப்பு அவளுக்கே சரியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதுதான் கோளாறு. புருஷன் வீரையன் கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுகொண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவளுடைய கார் கத்த ஆரம்பித்தது.

கார் பழசுதான். மகன் பிரபு சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்தது. நாற்பது தாண்டிய வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விதைநெல், யூரியா, பிரசவ வலி வந்த பக்கத்து வீட்டு மருமகள், எல்லாம் அதில் போயிருக்கின்றன. போன சித்திரையில் பிரபு லீவில் வந்தவன் சும்மா இருக்காமல் காரைத் தஞ்சாவூருக்கு ஓட்டிப்போய் அதற்கு ஒரு பாதுகாப்பு வைத்துக் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேல், சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. யாராவது காரைத் தொட்டால் அது கத்தும். கத்தினால் பிரபுவின் போனுக்குச் சேதி போகும். அவன் அங்கிருந்தே ஒரு பட்டனை அமுக்கினால் இங்கே என்ஜின் நின்றுவிடும்.

"இந்த ஊர்ல என் காரை எவன்டா திருடுவான்? எடுத்துக்கிட்டுப் போனாலும் உன் அத்தை வீட்டு வாசல் வழியாத்தான் போவணும்."

"காலம் மாறிப்போச்சும்மா."

பிள்ளையிடம் மட்டும் அவள் தோற்பாள்.

மழை பிடித்தால் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் தெருவில் விடமாட்டார்கள். தெரு பள்ளம். களத்தைத் தாண்டி வயலுக்குப் போகும் கரைப்பாதைதான் மேடு. குந்தவையும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த வருஷம் வாய்க்கால் கரையையே மிஞ்சிக்கொண்டு வந்தது. விடிந்து பார்த்தபோது கரையில் தண்ணீர் வடிந்திருந்தது. காருக்குள் மட்டும் வடியவில்லை. கதவைத் திறந்ததும் ஒரு குடம் தண்ணீரும் இரண்டு குரவை மீனும் வெளியே விழுந்தன. அவள் கதவைத் தொட்டதற்காகக் கார் கத்தியது.

சாவியில் இருந்த பட்டனை அமுக்கினாள். கத்தல் நின்றது. மூச்சு விட்டாள். மறுபடி கத்தியது.

அடுத்த வயல் மீரா உசேன் குடையோடு வந்தார். அவளுக்கு அண்ணன் முறை வைத்துப் பேசுகிறவர்.

"என்னா தங்கச்சி, காருக்குச் சளி பிடிச்சிருச்சா?"

"வாங்க, நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"பேட்டரி ஒயரைக் கழட்டி விடு. வாயை மூடிக்கும்."

கழற்றினாள். மூடவில்லை. அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு குட்டிப் பேட்டரி இருந்தது. திருடன் ஒயரைக் கழற்றினாலும் கத்த வேண்டும் என்று வைத்தது.

போன் அடித்தது. சிங்கப்பூர்.

"அம்மா, யாரோ காரைத் தொடுறாங்க!"

"நான்தான்டா தொடுறேன்."

"இல்லம்மா, விடாம வருது. கதவு திறந்திருக்குங்குது, டிக்கி திறந்திருக்குங்குது. பயப்படாத. நான் என்ஜினைக் கட் பண்ணிட்டேன்."

"எதுக்குடா கட் பண்ணுன?"

"சேஃப்டிக்கு."

"மறுபடி விடு."

"விட்டேம்மா. பெட்டிதான் எடுத்துக்க மாட்டேங்குது. தண்ணி போயிருக்கும்போல."

குந்தவை போனைப் பார்த்தாள். நிறுத்துகிறபோது கேட்டுக்கொண்ட பெட்டி, விடுகிறபோது கேட்கவில்லை. இது எந்த ஊர் நியாயம்?

அவளுடைய அவசரம் காரைப் பற்றியது அல்ல. களத்தைத் தாண்டிக் கிழக்கே அவளுடைய குறுவை நெல் பாதி அறுத்தும் பாதி நின்றும் இருந்தது. அறுத்த பாதி, தண்ணீர் ஏறாத களத்து மேட்டில், தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடந்தது. நின்ற பாதி முற்றித் தலை சாய்ந்துவிட்டது. இன்னும் ஒரு மழை பெய்தால் படுக்கும். படுத்தால் கதிரிலேயே முளைக்கும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த, கதிர் அறுக்கும் பெல்ட் மிஷின் மீரா உசேன் வயலை முடித்துவிட்டு நாளை இவளுக்கு வருவதாகப் பேச்சு. வயலுக்குப் போக அந்த ஒரு கரைப்பாதைதான். அதன் நடுவில் கார்.

பெட்டியை வைத்தவன் ஜாஃபர் சாதிக். தஞ்சாவூரில் கடை. போனை எடுத்தான்.

"ரோடெல்லாம் தண்ணிங்கம்மா. நாளன்னிக்குத்தான் வர முடியும்."

"வர வேணாம்பா. எந்த ஒயரை எதோட சேத்தா வண்டி கிளம்பும்னு சொல்லு. நான் முறுக்கிக்கிறேன்."

"போன்ல அதைச் சொல்றதில்லீங்கம்மா. நீங்கதான் ஓனருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன இந்தச் சேத்துல நின்னுக்கிட்டுத் திருடனா உனக்குப் போன் பண்ணுறான்?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. புள்ள பேர்ல பதிஞ்சிருக்கு."

பிள்ளையைப் பேசச் சொன்னாள். பிரபு பேசினான். ஜாஃபர் சாதிக் திரும்பவும் கூப்பிட்டு, சொல்லலாம்தான், ஆனால் சொல்லியும் பிரயோஜனமில்லை என்றான். பெட்டியிலிருந்து போகும் ஒயர் எல்லாமே கறுப்பு. திருடனுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் அப்படி. தடவிப் பார்த்தால் தனக்குத்தான் தெரியும்.

"ஒண்ணு செய்யுங்க. பெட்டியைச் சொருகலேந்து உருவி, துடைச்சு, ஒரு நா பூரா அரிசிக்குள்ள புதைச்சு வைங்க. ஈரத்தை இழுத்துடும். திரும்பச் சொருகுனா வேலை செஞ்சாலும் செய்யும்."

அரிசி வீட்டில் இருந்தது. வீடு முழங்கால் தண்ணீருக்கு அப்பால் இருந்தது. களம் பத்தடியில் இருந்தது. குந்தவை தார்ப்பாயைத் தூக்கினாள்.

வீரையன் அதுவரை கார் மிதியடியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"குந்தவ, அரிசின்னுல்ல சொன்னான்."

"அரிசிக்குச் சட்டை போட்டா நெல்லு. வேற என்னா?"

"அதில்ல. நெல்லு ஈரம்..."

"யாரு சொன்னா ஈரம்னு?"

வீரையன் மிதியடியைப் பிழியப் போனார்.

சொன்னது கொள்முதல் நிலையத்தில் இருந்தவர். மழைக்கு முந்தி நான்கு மூட்டையை மாதிரிக்கு எடுத்துப் போயிருந்தாள். அவர் கையளவு நெல்லை மீட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "ஈரப்பதம் கூட இருக்குங்க. காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்றார். குந்தவை விட்டாளா? நெல்லை வாயில் போட்டுக் கடித்துக் காட்டினாள். டக்கென்று உடைகிற சத்தம் கேட்டதா என்று வரிசையில் நின்ற எல்லோரையும் கேட்டாள். உன் மீட்டர்தான் நனைந்திருக்கிறது என்றாள். காய்ந்த நெல்லை ஈரம் என்று சொன்னால் வாய் வெந்துபோகும் என்றாள். மதியம் வரை பேசினாள். வரிசை முழுவதும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்த ஆள் மட்டும் மீட்டரைத் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தார். நெல் திரும்பி வந்தது. ஆனால் வாதத்தில் ஜெயித்தது அவள்தான். வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். களத்தில் கொட்டும்போது அது காய்ந்த நெல்லாகவே இருந்தது.

அந்த நெல்லுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பெட்டியை வைத்தாள். தார்ப்பாயை இழுத்து மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் குவியல் கத்தியது.

காரில் கத்தியதுபோல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, மூச்சு முட்டிக் கத்தியது. களத்தோரம் மேய்ந்த மைனாக்கள் கும்பலாக எழும்பிப் போயின. மீரா உசேன் வயலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தங்கச்சி! நெல்லு அழுவுதே, என்னா சொல்லித் திட்டுன?"

"உங்க நெல்லுக்கும் சேத்து ஒண்ணு வைக்கவா?"

சாயங்காலம் வரை விட்டு விட்டுக் கத்தியது. பிறகு நின்றது.

"பாருங்க, காஞ்சிடுச்சு. அதான் நின்னுடுச்சு" என்றாள் வீரையனிடம். அவர் தலையாட்டினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் வெயில் அடித்தது. கிழக்கே மட்டும் மேகம் கறுத்து நின்றது. மிஷின் மீரா உசேன் வயலிலிருந்து ஏறி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு, கரைப்பாதையில் தடதடவென்று வந்து காருக்குப் பின்னால் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தான்.

குந்தவை தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டாள்.

உள்ளே சூடாக இருந்தது. விரலைச் சுற்றி ஆவி. ஜுரக்காரன் அக்குளில் கை வைத்ததுபோல் இருந்தது. புளித்த வாசனை வந்தது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை. ஈரத்தோடு குவித்து மூடிய நெல்தான் இப்படிச் சுடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெட்டி வெளியே வந்தது. வியர்த்திருந்தது. உள்ளே போனபோது இருந்ததைவிட ஈரம். சொருகும் துவாரங்களில் உமித் தூசி பிசின்போல் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்து, ஊதி, சொருகினாள். பேட்டரி ஒயரை மாட்டினாள். பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு மங்கலாக எரிந்தது. சாவியைத் திருகினாள். ஸ்டியரிங் பூட்டு விட்டது. என்ஜின் அசையவில்லை.

"யக்கா, வண்டியை எடுக்கிறீங்களா, நான் கிளம்பவா?" என்றான் டிரைவர். "அடுத்த ஊர்ல காத்துக்கிட்டிருக்காங்க."

"பின்னால தள்ளிக்கிறோம். நீ ரோடு வரைக்கும் பின்னால போப்பா."

"ரோட்டுக்குப் போனா நான் திரும்ப மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"கயிறு கட்டி முன்னால இழேன்."

"முன்னால இழுக்க நான் முன்னால இருக்கணும்ல?"

மீரா உசேன் முன்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மதகு மேட்டில் கரை கரைந்து குழம்பாகக் கிடந்தது. பெல்ட் மிஷின் ஏறும். கார் ஏறாது. இடப்பக்கம் வாய்க்கால் நிரம்பி ஓடியது. வலப்பக்கம் கீழே குந்தவையின் நாற்றங்கால். குறுவைக்கு அடுத்த தாளடிப் போகத்துக்கு விதை விடச் சேறடித்து வைத்திருந்தது. கண்ணாடிபோல் கிடந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். காரை அதில் இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. யோசனை சொன்னவர்களை அவள் பேசியே என்ன செய்வாள் என்று ஊருக்குத் தெரியும்.

கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நின்ற நெல் ஒருமுறை சாய்ந்து, பாதிதான் நிமிர்ந்தது.

"வலது பக்கம் தள்ளுங்க" என்றாள்.

"தங்கச்சி, அச்சு வரைக்கும் இறங்கிடும். கிரேன் வந்தாத்தான் எடுக்கலாம்."

"அண்ணே, எனக்கு இப்ப வண்டி ஓட வேணாம். ஒதுங்குனாப் போதும்."

ஸ்டியரிங்கை அவளே ஒடித்துப் பிடித்தாள். டிரைவரும் இறங்கி வந்து தோள் கொடுத்தான். கார் கரையிலிருந்து மூக்கைத் தாழ்த்தி, அவசரப்படாமல் இறங்கி, சேற்றில் எருமைபோல் அமர்ந்தது. மிஷின் அதைத் தாண்டிப் போனது.

முதல் வரி அறுபடும்போது போன் அடித்தது.

"அம்மா! கார் நகருது! யாரோ எடுத்துட்டுப் போறாங்க!"

இத்தனை நாளில் அந்தப் பெட்டி சொன்ன ஒரே நிஜம் அதுதான்.

"ஆமா. நான்தான்."

"எங்கம்மா கொண்டுபோற?"

"நாத்தங்கால்ல விட்டுட்டேன்."

"நாத்தங்கால்லயா? ஏம்மா? இரு, நான் என்ஜினைக் கட்..."

"வை போனை."

மிஷின் இரண்டு சுற்று வந்து, மூக்கைத் தூக்கி, களத்தில் விரித்த தார்ப்பாயில் நெல்லைக் கொட்டியது. பக்கத்தில் பழைய குவியல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வீரையன் யாரும் சொல்லாமலே அதைக் காலால் பரப்பி வெயிலுக்குத் திறந்து விட்டிருந்தார். குந்தவை புது நெல்லில் ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி ஒன்று கடித்தாள்.

"ஈரந்தான்" என்றாள்.

வீரையன் நிமிர்ந்தார். "என்னா சொன்ன?"

நாற்றங்காலில் கார் கத்த ஆரம்பித்தது.

"போய் ஒயரைக் கழட்டிட்டு வரவா?"

"கத்தட்டும். இன்னொரு தார்ப்பாய் எடுங்க. மெல்லிசா விரிக்கணும்."