விறைப்பு ஊசி மிஸ்ஸி

உணர்வை மரக்க வைக்கும் விறைப்பு ஊசியை எடுத்துக் கொடுக்கும் வேலையில் விறைப்பது நோயாளிக்கு மட்டும்தான். தாதிமாருக்கு நெஞ்சுப் படபடப்பு நிற்பதே இல்லை. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பல்லுப் பிடுங்கும் அறை, காயம் தைக்கும் அறை, வார்டு என்று மூன்றுக்கும் ஓடித் திரிந்தவள் நான். நோயாளிகளுக்கு 'மிஸ்ஸி'. பல்லுக் கதிரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே? அப்படியென்றால் என் பாடு உங்களுக்கு விளங்கும்.

ஒரு சொல் செய்த வேலை

மூதூர்க்காரர் இஸ்மாயில் காக்காவுக்கு இறங்குதுறையில் தகரம் கிழித்து உள்ளங்கை பிளந்துவிட்டது. டொக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, விறைக்கட்டும் என்று காத்திருந்தார். வெளியே வாங்கில் குந்தியிருந்த காக்காவின் மனைவி, எங்கள் அட்டெண்டன் கந்தையாவிடம் விசாரித்திருக்கிறா. அவர் வாய் நிறைய வெற்றிலையோடு, "விறைச்சுப் போச்சு, இனித் தைக்கிறதுதான்" என்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் பிரேதத்துக்கும் அதே சொல்தானே! புருசன் செத்துவிட்டார், மையத்தை, அதுதான் பிரேதத்தை, வெட்டித் தைக்கப் போகிறார்கள் என்று அந்த மனுசி விளங்கிக்கொண்டா.

அவ போட்ட ஓலத்தில் என் கையிலிருந்த கிண்ணம் விழுந்து உருண்டது. கூட வந்த சனமெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. காக்கா துள்ளி எழும்பி, இரத்தம் வழிகிற கையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்: "அடியே, நான் மௌத்தாகல்லடி, கை மட்டுந்தான் மௌத்து!"

வெள்ளிக்கிழமை வடை

அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் வேலை செய்த கிளாக்கர் ஐயா ஒருவர், கடும் சைவம். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி அனுப்பும்போது, "விறைப்பு விடும்மட்டும் ஒண்டும் சப்பாதேங்கோ" என்று இரண்டு தரம் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய் உளுந்து வடை வாங்கியிருக்கிறார். அரை மணித்தியாலத்தில், சட்டை முன்பக்கம் முழுக்க இரத்தத்தோடு, கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வடைக்குள் இறைச்சி வைத்து விற்கிறாராம். நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். கடைக்காரர் அழாக்குறை.

நான் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து ஐயாவுக்கு நேரே பிடித்தேன். கீழ்ச் சொண்டில், அதுதான் உதட்டில், ஒரு துண்டைக் காணவில்லை. ஐயா கனநேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் மெல்லச் சொன்னார்: "தம்பி, உம்மட வடை சுத்தச் சைவம்தான். இறைச்சி என்ரது."

பல்லில்லாதவருக்குப் பல்லூசி

துறைமுகத்தில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மாரடைப்போடு வார்டில் கிடந்தார். ஈ.சி.ஜி. கோடு திடீரென்று கண்டபடி துள்ள, "லிக்னோகெயின் கொண்டு வாங்கோ!" என்று டொக்டர் கத்தினார். "அது பல்லு விறைக்கிற ஊசியெல்லோ, சேர்?" என்று நான் கேட்டேன். "நரம்பை அடக்கிற மருந்து துள்ளுற இருதயத்தையும் அடக்கும். ஓடுங்கோ!" என்றார். ஓடினேன். நாளத்தில் மருந்து ஏற ஏறக் கோடு ஒழுங்குக்கு வந்தது. பல்லெல்லாம் எங்களிடமே பிடுங்கியவர் அந்தப் பெரியவர். மருந்தின் பெயர் அவருக்கும் தெரியும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, ஆள் மாறிப் போட்டிட்டியள். எனக்கு இருக்கிறது கட்டுப்பல்லு."

சிவலிங்கத்துக்குக் கேட்டது

ஒரு பின்னேரம் கடற்தொழிலாளி சிவலிங்கம் கதவு நிலையைப் பிடித்தபடி வந்தார். "மிஸ்ஸி, ஊசி போடாமலே சொண்டு விறைக்குது" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மத்தியானம் பேத்தை மீன் திண்டவர். குடலெல்லாம் எடுத்துத்தானே சமைச்சனான்" என்று பின்னால் வந்த மனைவி சொல்லி முடிக்குமுன் அவருடைய கால்கள் மடிந்தன.

எங்கள் ஊசி செய்யும் வேலையைத்தான் பந்துபோல ஊதுகிற அந்தப் பேத்தை மீனின் நஞ்சும் செய்யும் என்றார் டொக்டர். ஊசி மருந்து, போட்ட இடத்தோடு நிற்கும். இது உடம்பெல்லாம் பரவி மூச்சை நிறுத்தும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு விடும்மட்டும் அவருக்காக நாங்கள்தான் மூச்சுவிட வேண்டும். தொண்டையில் குழாயை வைத்து, றப்பர்ப் பையை மாறிமாறி அமுக்கினோம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு அவருடைய இமைகூட அசையவில்லை. கண்ணில் டோர்ச் அடித்தும் ஒரு மாற்றமும் இல்லை. கை வலியில் எனக்கு உயிர் போனது. "ஆள் முடிஞ்சுது, சேர். விடுவமா?" என்று கேட்டேன். "நாடி இருக்குது. அமத்துங்கோ" என்றார் டொக்டர். மறுநாள் காலையில் ஒரு விரல் அசைந்தது. சந்தோசத்தில் நான் அழுதேவிட்டேன்.

மூன்றாம் நாள் கட்டிலில் எழும்பி இருந்தவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமே இல்லாமல் சொன்னார்: "மிஸ்ஸி, எனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தது. 'விடுவமா' எண்டு நீங்கள் கேக்கேக்க, விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ எண்டு நான் உள்ளுக்கை எவ்வளவு கத்தினனான் தெரியுமே!"

ஊரார் வாயையெல்லாம் விறைக்க வைத்துச் சம்பளம் வாங்கிய எனக்கு, ஊசியே இல்லாமல் வாயை விறைக்க வைத்தவர் அந்த மனுசன் ஒருவர்தான்.