பத்துச் செம்மறிக்கு ஒரு கிடா

ஆட்டுக்குள்ள என்னத்த வைச்சாரெண்டு கேக்க வெக்கமில்லையா உனக்கு? சரி, கேளு.

மிருக வைத்தியர் மெலிந்த ஆள். ஒவ்வொரு ஆட்டையும் தொடுமுன் பிஸ்மில்லா சொல்வார். என் பத்துச் செம்மறிகளுக்குள்ளும் நூல் தொங்கும் மருந்துப் பஞ்சை வைத்தார்.

“மகன், இது ஆட்டுக்குக் குடும்பக் கட்டுப்பாடா? ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு அறுக்க விக்கக் குட்டியில்லாமப் போனா நான் என்ன செய்யிற?”

“இல்ல உம்மா. ரெண்டு கிழமையால பஞ்சை எடுத்தா, பத்தும் ஒண்டாக் கிடா தேடும், ஒண்டாக் குட்டி போடும்.”

“கிடா ஒண்டுதானே நிக்கிது. அதுக்கு ஆரு மருந்து குடுக்கிற?”

அவர் சிரிக்கவில்லை. பஞ்செடுக்கும் நாளில் ஆட்டோவில் இன்னும் இரண்டு கிடாக்களோடு வந்தார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரே கிழமையில் பதினொரு குட்டிகள். பழைய சந்தேகம் தீர்ந்தது, புதுப் பயம் பிடித்தது. அயலாரிடம் சொன்னேன்: “ஆள் நல்லவர்தான். ஆனா அவர் வந்தா மருமகள்மார உள்ளுக்கு வைங்க. ஒரே கிழமையில பத்துத் தொட்டில் கட்ட ஏலாது!”