நைனாவின் உப்பு விரதம்

என் மகளுக்கு ஆறு வயசில் ஒருநாள் காலையில் முகம் உப்பிக் கண்ணே திறக்கவில்லை. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் காலும் வீங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகக் கோளாறாம், உடம்பிலிருக்கும் புரதமெல்லாம் ஒண்ணுக்கில் போகிறதாம். டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "வீக்கம் வடியற வரைக்கும் உப்பை ரொம்பக் குறைக்கணும். அப்பளம், ஊறுகாய், சிப்ஸ், கருவாடு எதுவும் கூடாது" என்றார்.

கருவாடு என்றதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வாசலிலிருந்து மணல் முடிகிற வரைக்கும் காய்வது அதுதான். பிள்ளையின் மூக்கைப் பொத்தித்தான் வளர்க்க வேண்டும்.

திரும்பும்போது ரயிலில் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இவருக்கு மனசு தாங்கவில்லை.

"அழாத கண்ணு. நீ உப்பு துன்ற வரைக்கும் நைனாவும் துன்ன மாட்டேன். கடலம்மா மேல சத்தியம்."

எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு. உப்பு இல்லாத குறையைப் புளியும் பூண்டும் மிளகும் போட்டு மறைக்கப் பார்த்தேன். மடவை மீனை எலுமிச்சை பிழிந்து வறுத்தேன். மகள் முகத்தைச் சுளித்தபடியே தட்டைக் காலி செய்தாள். அந்த மாத்திரை கிளப்பிவிட்ட பசி அப்படி. ஆறு இட்லி தின்றுவிட்டுப் பத்து மணிக்கே, "அம்மா, இன்னா இருக்கு?" என்று வந்து நிற்பாள். இவரோ ரெண்டு வாய் வைத்துவிட்டு, "பசிக்கல" என்று எழுந்துவிடுவார். பசிக்காத மனுஷனுக்குத் தொப்பை போட்டதுதான் எனக்கு இடித்தது.

பத்து நாள் போயிருக்கும். கடலிலிருந்து வந்தவரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட மகள், அவர் கையை இழுத்து மோந்து பார்த்தாள்.

"நைனா, இன்னா வாசன இது?"

"மீனு புட்சிட்டு வரேன். மீனு வாசனதான் வரும்."

"இது நெத்திலிக் கருவாடு. வறுத்தது."

"கடல்லயே வறுத்து வெச்சிருந்தாங்களா?" என்றேன் நான்.

மகள் அழவில்லை. உள்ளே போய், தினம் காலையில் அவள் ஒண்ணுக்கைச் சோதிக்கிற காகிதப் பட்டை டப்பாவை எடுத்து வந்தாள். புரதம் போனால் அந்தக் காகிதம் பச்சையாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். அவளைப் பயமுறுத்துவதற்காக நான், "கருவாடு துன்னா பச்சையாவும்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

"நைனாவுக்கும் டெஸ்ட் பண்ணணும். போ."

தப்பிக்க வழியில்லாமல் போனவர், திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பாரு, மஞ்சளு! நைனா துன்னவே இல்ல."

மகள் காகிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கருவாடு துன்னும் ஒண்ணும் ஆவல. அப்போ எனக்கும் குடு."

இவர் முகம் செத்துவிட்டது. "ஐயோ, வேணாம் கண்ணு! நைனா துன்னேன். பத்து நாளா பக்கத்துத் தெருவுல கூட்டாளி ஊட்ல துன்னேன். ஆனா அந்தக் காகிதம்..." என்று என்னைப் பார்த்தார். காகிதத்தைப் பற்றி நான் விட்ட கதையை நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கையோடு, அடுக்களையில் ஒளிந்து நான் நக்கிய மாங்காய் ஊறுகாயையும்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "துன்னுங்க. வெளிய போய்த் துன்னுங்க. பொய் சொல்லாதீங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, சொன்னால் என்ன, நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் இதைக் கேட்ட டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "வெயில்ல கடலுக்குப் போறவர் நீங்க, உப்பே இல்லாம இருந்தா மயங்கி விழுவீங்க. உங்களுக்கு யார் விரதம் சொன்னது?" என்றார். வீக்கம் வடிந்திருந்ததால் மகளுக்குக் கொஞ்சம் உப்பு சேர்க்கச் சொன்னார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வீங்கி வடிந்தது. இப்போது எட்டாவது படிக்கிறாள். கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி, எவ்வளவு உப்பு என்று சத்தமாகப் படிக்கிறாள். மற்ற பிள்ளைகள் கையில் எடுத்ததை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். கடைக்காரர் என்னிடம், "இன்னாம்மா இது, யாவாரமே படுத்துப்போச்சு" என்கிறார்.