ஒட்டுவாரொட்டி மீசை

அந்த நாடகக் குழுவில் மீசையக்கா மனசு வைத்தால்தான் ஆண்களுக்கு மீசை. கடவுள் எல்லாருக்கும் ஒன்று கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். ஆனால் பகலில் ஒருவர் தபால் பிரிக்கிறவர், ஒருவர் மருந்துக் கம்பெனி கணக்கர், ஒருவர் துணிக்கடையில் விற்பனை. எல்லாரும் காலையில் மழமழவென்று மழித்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். சாயங்காலம் ஒத்திகை அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மோவாயைத் தூக்கினால், அரைமணியில் அவர்களை ராஜாவாகவும் தளபதியாகவும் சிப்பாய்களாகவும் எழுப்பிவிடுவது இவள் கை.

இவள் ஒன்றும் கலைக்குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. பெண்களுக்கு முடி திருத்துகிற கடையில் வேலை பார்க்கிறவள். ஒருநாள் குழுவுக்கு ஒரு டோப்பாவைக் கொடுக்கப் போனவள், மேடையின் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். வில்லன் உறுமிய உறுமலில் மீசை பாதி கழன்று உதட்டில் தொங்கியது. அவன் உள்ளே ஓடிவந்ததும் கைப்பையில் இருந்த, பொய் இமை ஒட்டுகிற பசையை எடுத்து ஒட்டி, முதுகில் ஒரு தட்டு தட்டி மேடைக்கு அனுப்பினாள். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வலைத்துணியில் கொக்கி ஊசியால் முடி முடியாகக் கோத்து மீசை கட்டுவாள். ஒவ்வொருவர் மேலுதடும் அவளுக்கு அத்துப்படி. கண்ணைக் கட்டிவிட்டால் உதட்டைத் தடவியே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ராஜா சொன்னார், உன் பசை என் முகத்தைத் தின்றுவிட்டது என்று.

ராஜா வேடக்காரருக்கு மூக்குக்குக் கீழே சிவந்து போயிருந்தது. அந்த வாரம் சளி பிடித்து மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தவர் அவர். அந்தச் சிவப்பின் மேல் மஞ்சளாக ஒரு பொருக்கு. மீசைப் பசை காய்ந்தாலும் இப்படித்தான் மஞ்சளாக, பளபளவென்று ஏடு கட்டும். அதனால் மீசையக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. கழுவாமல் விட்ட பசை என்று ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சுரண்டினாள். ராஜா அலறினார். மறுநாளும் பொருக்கு வந்தது, மறுநாளும் சுரண்டினாள். பசையை மாற்றிப் பார்த்தாள். புதுப் பசையைத் தன் மணிக்கட்டில் தடவி, எரிகிறதா என்று பார்த்து, பிறகுதான் போட்டாள். ஒன்றும் பலிக்கவில்லை. தளபதியின் கன்னத்தில் ஒன்று கிளம்பியது. இரண்டு சிப்பாய்களுக்கு உதட்டோரம் வந்தது. அவள் மணிக்கட்டிலேயே ஒன்று எட்டிப் பார்த்தது. அதையும் பசை எரிச்சல் என்றே எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பெரிய அரங்கத்தில் நாடகம். இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூட மேடை, சங்கத்து மேடை என்று அலைந்த குழுவுக்கு முதன்முறையாகச் சாய்ந்து உட்காரும் நாற்காலி போட்ட அரங்கம் கிடைத்திருந்தது. அந்த நேரத்தில் ராஜாவின் முகம் இப்படி. குழுவை நடத்துகிற வாத்தியார், மந்திரி வேடமும் அவரே போடுவார், சாதாரணமாக ஈ எறும்புக்கும் வலிக்காமல் பேசுகிறவர். புதன்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவளைத் தனியாக அழைத்தார். சனிக்கிழமைக்குள் முகங்கள் சரியாகாவிட்டால் வேறு ஒப்பனைக்காரரைக் கூட்டி வந்துவிடுவதாகவும், அப்புறம் அவரே தொடர்வார் என்றும் சொன்னார். மனசில் வைத்துக்கொள்ளாதே என்று வேறு சேர்த்தார். எங்கே வைப்பதாம் அதை? அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பதற்குத்தான் அவள் நாள் முழுக்க முடி கூட்டிப் பெருக்குகிறாள். அது போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை. அவள் கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர். நாடகம் என்றாலே கொட்டாவி விடுகிற மனிதர், இத்தனை வருஷத்தில் ஒரு நாடகம் பார்த்ததில்லை. சமையலறையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தவரின் மோவாயில், போன வாரம் மழிக்கும்போது வெட்டிக்கொண்ட இடத்தில், மீசையக்கா அதைப் பார்த்தாள். மஞ்சள் பொருக்கு. பளபளவென்று.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என்ன நினைத்தாள் தெரியுமா? இந்த மனுஷன் நமக்குத் தெரியாமல் வேறு குழுவில் நடிக்கப் போகிறார் என்று நினைத்தாள்! சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள்.

"ஏங்க, எந்தக் குழுவுல சேர்ந்திருக்கீங்க? தாடி யார் ஒட்டுனது? ஒழுங்காத் துடைக்கக்கூடத் தெரியாதவளா அவ?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தாடியா? எனக்கா? உனக்குக் காய்ச்சல் எதும் அடிக்குதா?"

மனிதருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவே இல்லை. மீசையக்கா பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்தப் பொருக்கின் ஓரத்தில் வைத்தாள். பசை என்றால் ஸ்பிரிட் பட்டதும் இளகி வழுக்கிக்கொண்டு வரவேண்டும். இது இளகவில்லை. அவர் "ஸ்ஸ்" என்றார். பொருக்கு பெயர்ந்த இடத்தில் ஈரமாகச் செக்கச் சிவந்த புண் இருந்தது.

பசையே படாத முகத்தில் பசை எங்கிருந்து வந்தது? அவள் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே மஞ்சள். பிறகு குளியலறைக் கம்பியில் தொங்கிய துண்டைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே துண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான்.

"கிளம்புங்க," என்றாள். கடை திறக்க வேண்டும் என்று அவர் முனகினார். பூட்டு ஓடிவிடாது என்று சொல்லி, செருப்பைக் காலில் மாட்டவும் விடாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

தெருமுனை மருத்துவமனையில் டாக்டரம்மா இளம்பெண். விளக்கை மோவாயில் பிடித்தாள், மணிக்கட்டில் பிடித்தாள். தேன் காய்ந்தது போன்ற இந்த நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றாள். பாக்டீரியாக் கிருமியால் வருகிற தோல் புண். சளியால் புண்ணான மூக்கு, மழிக்கும்போது பட்ட கீறல், பூச்சிக்கடி என்று தோலில் சின்னத் திறப்பு கிடைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். சீழ்க்கொப்புளமாகக் கிளம்பி, உடைந்து, பொருக்குத் தட்டும். குழந்தைகளுக்குத்தான் அதிகம் வரும், ஆனால் வளர்ந்தவர்களையும் விடாது. பசை வெறும் எரிச்சலைத்தான் தரும், கிருமியைத் தராது.

மீசையக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அப்போ என் பசை இல்ல! என் பசை இல்லைங்க!" என்று கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ராஜாவும் வாத்தியாரும் இனி என்ன சொல்வார்கள் என்று பார்க்கலாம் என்று குதித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா அவள் உட்காரும்வரை பொறுத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்க முகத்தையெல்லாம் எதால துடைச்சீங்க?"

"பஞ்சாலதான்."

"ஒருத்தருக்கு ஒரு பஞ்சா?"

ராஜாவின் மூக்கடியைச் சுரண்டிய பஞ்சைத்தான் ஸ்பிரிட் கிண்ணத்தில் முக்கி முக்கி வரிசையாக எல்லாரையும் துடைத்திருந்தாள். பவுடர் போடுகிற ஸ்பாஞ்சும் ஒன்றே ஒன்று. அது ராஜாவிடமிருந்து தளபதிக்கு, தளபதியிடமிருந்து சிப்பாய்களுக்கு. பஞ்சை மிச்சம் பிடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு சாமர்த்தியம்.

"இதை அந்தக் காலத்துலயே ஒட்டுவாரொட்டின்னு சொல்லிட்டாங்க," என்றாள் டாக்டரம்மா. "ஒட்டுறவங்களையெல்லாம் ஒட்டிக்கும். இங்க அதை ஒட்டி விட்டது நீங்க."

பெயர் பொருத்தம் பாருங்கள். ஊருக்கெல்லாம் மீசை ஒட்டுகிறவள் நோயையும் சேர்த்து ஒட்டியிருக்கிறாள். பக்கத்தில் கணவர் மட்டும் இருந்திராவிட்டால் அங்கேயே அழுதிருப்பாள்.

இருவருக்கும் களிம்பு கிடைத்தது. பொருக்கைச் சுரண்டக் கூடாது, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல எடுத்துவிட்டுக் களிம்பு தடவ வேண்டும். தடவும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். துண்டு, தலையணை உறை எல்லாம் தனித்தனி, கொதிக்கிற தண்ணீரில் துவைக்க வேண்டும். மற்றவர்களையும் உடனே அனுப்பச் சொன்னாள். நிறையப் புண் இருந்தால் மாத்திரை தேவைப்படும். மருந்து தொடங்கி முழுசாக இரண்டு நாள் ஆனால் பிறகு மற்றவருக்குப் பரவாது. ஆனாலும் காய்ந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

வாய் மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பசையில்லை, கிருமி என்று பாதியை மட்டும் சொல்லியிருந்தால் ராஜாவே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். ஆனால் அந்தக் கிண்ணமும் ஸ்பாஞ்சும் அங்கேதானே இருக்கின்றன? நேரே ஒத்திகை அறைக்குப் போய், எல்லாரையும் போனில் வரவழைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ராஜாவுக்குச் சளியோடு வந்தது, மற்ற மூவருக்கும் கொடுத்தது தன் கை என்று சொன்னாள். கிண்ணம், பஞ்சு, ஸ்பாஞ்சு, பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினாள். கடைசியாக மீசைகள். ராஜாவின் முறுக்கு மீசையைக் கட்ட ஒரு மழைக்காலமே ஆகியிருந்தது. அதையும் உள்ளே போட்டு முடிச்சுப் போட்டபோது அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பத்து நிமிஷத்தில் ஒரு கும்பலாக மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஒரு ராஜா, ஒரு தளபதி, இரண்டு சிப்பாய்கள், ஒரு மந்திரி. மந்திரியைத் தவிர நால்வருக்கும் மாத்திரை. டாக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்து, இன்று மதியமே தொடங்கினால் சனிக்கிழமை இரவு மேடை ஏறலாம் என்றதும் ராஜா துள்ளினார். ஆனால் புண் ஆறுகிறவரை பவுடரும் கூடாது, மீசையும் கூடாது என்றாள். மீசையில்லாத ராஜாவாக மேடை ஏறமாட்டேன் என்று அவர் முறுக்கிக்கொண்டார்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிங்க?" என்றாள் டாக்டரம்மா. சிப்பாய்கள் சிரித்தார்கள். ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

வாத்தியார் திரும்பி வரும்போது மீசையக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: இனிமே நீ யார் முகத்தையும் தொட வேண்டாம். புண் ஆறுகிறவரைக்குமா, எப்போதைக்குமா? கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ராஜா முகம் கொடுத்தே பேசவில்லை.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்துவிட்டது. வேலை இல்லாதவளாக, மணிக்கட்டில் கட்டோடு, மீசையக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மோவாயில் களிம்போடு கணவர். அவராகத்தான் வருகிறேன் என்றார். அவள் இத்தனை வருஷத்தில் நாடகத்தை முன்னால் இருந்து பார்த்ததே இல்லை. திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் சிம்மாசனம் நிஜமாகவே தங்கம் போல இருந்தது.

ராஜா வந்தார். வழித்த முகம். மூக்கடியில் சிவப்பு இன்னும் தெரிந்தது. கிரீடத்துக்குக் கீழே பார்க்கப் பாவமாக, ராஜ உடையில் தபால் பிரிக்கிறவர் நின்றார். அரங்கத்தில் சலசலப்பு கிளம்பியது. பின்வரிசையில் ஒரு குரல், "மீசை எங்க ராஜா?" என்றது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. ராஜா வசனத்தை மறந்து நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று மீசையக்கா கணவரின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

ராஜா அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். நிமிர்ந்தார். சிம்மாசனத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"நல்லதாயிற்று, மந்திரியாரே. இனி நான் குப்புற விழுந்தாலும் கவலையில்லை. மண் ஒட்ட மீசையே கிடையாது."

அரங்கம் அதிர்ந்தது. கைத்தட்டல் ஓய நேரம் பிடித்தது. மீசையக்காவும் கட்டுப் போட்ட கையை மறந்து தட்டினாள். மேடையில் மந்திரியாக நின்ற வாத்தியார், கூட்டம் அடங்கும்வரை காத்திருந்து, எழுதியிருந்த வசனத்துக்குப் போகாமல் ராஜாவை நெருங்கி வந்து கேட்டார்.

"அரசே, வேறு மீசை ஒட்டுபவரை வரவழைக்கட்டுமா?"

மீசையக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"வேண்டாம்," என்றார் ராஜா. இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "என் முகத்தில் இருந்த கோளாறை என் முகத்துக்கு நேரே சொன்னவள் ஒருத்திதான். அவள் கைப்புண் ஆறட்டும், என் புண்ணும் ஆறட்டும். அதுவரை இந்த நாட்டு அரசனுக்கு மீசை கிடையாது."

"உத்தரவு, அரசே," என்று மந்திரி குனிந்தார்.

கணவர் அவள் காதோரம் சாய்ந்தார். "இதுவும் கதையில வருதா?"

"இல்லைங்க," என்றாள் மீசையக்கா. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "இது எனக்குச் சொல்றாங்க."